சோறா கேக்குது?

"அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்குது, உன்னையா சோறு கேக்குது?"

எதையாவது வெளியே போடலாமா என்று நான் வாயெடுத்தால் என் வீட்டுக்காரர் சொல்லும் பதில் இது. 26 வருஷமாக மாறாத பதில். வேலூர் காகிதப்பட்டறையில் 600 சதுர அடி வாடகை வீடு எங்களுடையது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, அப்புறம் சின்னதாக இன்னொரு அறை. பையன் படிக்க ஒரு இடம் இருக்கிறதே என்று அந்தச் சின்ன அறையைப் பார்த்துத்தான் 11 வருஷம் முன்னால் இந்த வீட்டைப் பிடித்தோம். பையன் ஹாலில் உட்கார்ந்தே படித்து முடித்து இப்போது வேலைக்கும் போய்விட்டான். அறைக்குள் வேறு குடித்தனம் நடக்கிறது. எங்கள் கார்டுக்கு ஒன்று, மாமியார் கார்டுக்கு ஒன்று என்று அரசாங்கம் கொடுத்த 14 அங்குல டிவி இரண்டு, அதே கணக்கில் 2011க்கு அப்புறம் வந்த மிக்சி, கிரைண்டர், ஃபேன், பொங்கலுக்குப் பொங்கல் வந்த வேட்டி சேலைக் கட்டு, கட்டைப் பைக்குள் அடைத்த கட்டைப் பைகள், ஓடாத டேபிள் ஃபேன்களின் மோட்டார் மூன்று, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த காலத்தில் "பர்ஸ் தைக்கலாம்" என்று அவர் கொண்டுவந்த தோல் துண்டு இரண்டு மூட்டை.

இதில் நான் ஒன்றும் தாராளக்காரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பால் கவரைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, சேர்த்து எடைக்குப் போடுகிற ஆள் நான். கிழிந்த லுங்கி கரித்துணி ஆகும், நைந்த சேலை மிதியடி ஆகும், அதுவும் நைந்தால் மோட்டார் பைக் துடைக்கப் போகும். ஆகவே "நீ பால் கவர் சேர்க்கலாம், நான் ஒயர் சேர்க்கக் கூடாதா?" என்று அவர் கேட்டால் எனக்கு வாயடைத்துப் போகும். சிக்கனமான வீட்டில் அடசலைக் குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்தக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சேர்த்துவைக்கிறவரும் மிச்சம் பிடிக்கிறவரும் பேசுவது ஒரே பேச்சுத்தான். வீணாக்கக் கூடாது, உதவும், மறுபடி வாங்கினால் காசு. வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பிரிக்க முடியாது. பொருள் திரும்பிப் புழக்கத்துக்கு வருகிறதா என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும். என் பால் கவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே போகிறது, அவருடைய ஒயர் போவதே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிபட இருபது வருஷம் ஆயிற்று.

தமிழில் இதற்குச் சரியான பெயர்கூட இல்லை. பதுக்கல் என்றால் அரிசி மூட்டையை ஒளித்துவைத்து விலை ஏற்றுகிற வியாபாரி ஞாபகத்துக்கு வருவார். கஞ்சன் என்றால் கையை விட்டுக் காசு போகாதவன், ஆனால் இவர்களில் பலர் செலவு செய்ய அஞ்சாதவர்கள், எங்கள் வீட்டுக்காரரே விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது கறி எடுப்பார். மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் வந்ததே சமீபத்தில்தான். மனக்கோளாறுகளை வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில்தான் ஹோர்டிங், அதாவது கழிக்க முடியாமல் சேர்த்துவைப்பது, தனிக் கோளாறாக இடம்பிடித்தது. அதற்கு முன்னால் ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளை மாதிரித்தான் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்கிற நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அதற்காகப் பரணில் நாலு அண்டா இருக்கிறவர் எல்லாம் நோயாளி ஆகிவிட மாட்டார். பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அதை விட்டுப் பிரிய முடியாமல் தவிப்பது, அதனால் படுக்கையில் படுக்க முடியாமல் அடுப்படியில் சமைக்க முடியாமல் போகிற அளவுக்கு வீடு அடைந்துபோவது, அது வாழ்க்கையைப் பாதிப்பது, இவை எல்லாம் சேர்ந்தால்தான் கோளாறு என்கிறார்கள். மேலை நாட்டுக் கணக்கெடுப்புகளை வைத்து நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பேர் வரை இருக்கலாம் என்கிறது அந்தக் கையேடு. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலேயே தலைகாட்டி, முப்பதுகளில் தொந்தரவாகி, வயது ஏற ஏற முற்றுகிற சமாச்சாரம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கும், நமக்குத் தெரிவது பரண் நிறைந்த பிறகு.

"கஷ்டத்துல வளர்ந்தவரும்மா, அதான்" என்று மாமியார் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்றவர்கள், பாலாறு வறண்டுபோன ஊரில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்தவர்கள், சேர்த்துவைக்காமல் என்ன செய்வார்கள்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கத்தை முறையாக ஆராயத் தொடங்கிய அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட் 1993இல் வெளியிட்ட ஆய்விலேயே சிறுவயது வறுமைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை. யோசித்துப் பார்த்தால் என் மாமியாருக்கு நாலு பிள்ளைகள், நாலு பேரும் ஒரே பானைக் கஞ்சி குடித்தவர்கள், ஒருத்தர்தான் ஒயர் சேர்க்கிறார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை, மாமனாரின் டிரங்குப் பெட்டியில் 1970களின் பஸ் டிக்கெட் கட்டு இருந்தது.

இன்னொரு ஆய்வு எனக்கு நிறையப் புரியவைத்தது. 2012இல் டேவிட் டோலின் குழு, சேர்த்துவைக்கும் கோளாறு உள்ளவர்களை அவரவர் வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லி, மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஒவ்வொரு காகிதத்தையும் வைத்துக்கொள்ளவா, கிழித்துப் போடவா என்று கேட்டது. நடுவில் அடுத்தவர் காகிதங்களையும் காட்டினார்கள். அடுத்தவர் காகிதம் வந்தபோது, எது முக்கியம் என்று எடை போடுகிற மூளைப் பகுதிகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட மந்தமாகவே இருந்தன. தன்னுடைய காகிதம் வந்ததும் அதே பகுதிகள் தாறுமாறாகத் துடித்தன. இதைப் படித்ததும் என் நாத்தனார் வீடுதான் ஞாபகம் வந்தது. குடியாத்தத்தில் அவள் வீடு மாற்றியபோது இவர் போய் அரை நாளில் ஒரு வேன் சாமானைக் கழித்துக் கட்டி அனுப்பிவிட்டு, "எப்படித்தான் இவ்ளோ அடசல் சேர்க்குறாளோ" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், கையில் அவள் வேண்டாம் என்ற ஸ்டெபிலைசரோடு! முன்பெல்லாம் இதை வேஷம் என்று நினைப்பேன். வேஷம் இல்லை. தன் பொருளைப் பிரிவது அவருக்கு உடம்பு வலிக்கிற மாதிரி வலிக்கிறது.

சரி, சோறு கேட்கிறதா இல்லையா என்கிற கணக்குக்கு வருவோம். எங்கள் வாடகை 7,200. சதுர அடிக்கு மாதம் 12 ரூபாய். சின்ன அறை 8க்கு 8, அதாவது 64 சதுர அடி, மாதம் 768, வருஷத்துக்கு 9,216. பதினோரு வருஷத்துக்கு இதே வாடகையை வைத்துப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, முன்பு வாடகை குறைவு என்று கழித்தாலும் முக்கால் லட்சத்துக்குக் குறையாது. காயலாங்கடைக்காரரை ஒரு நாள் கூட்டிவந்து அறை முழுவதையும் காட்டி மதிப்புக் கேட்டேன், மோட்டாரில் இருக்கிற செம்பைச் சேர்த்து 3,000 என்றார். வாடகை இருக்கட்டும், டெஸ்டர் கதையைக் கேளுங்கள். ஃபியூஸ் போய்விட்டது, டெஸ்டர் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும், எங்கே என்று தெரியாது, லாங் பஜாரில் புதிதாக வாங்கி வந்தார். இப்படி மூன்று தடவை. அடுத்து தேடினபோது மூன்றும் ஒரே பிஸ்கட் டப்பாவில் இருந்தன. இருப்பது தெரியாத பொருள் இல்லாத பொருள்தான், காசு கொடுத்து மறுபடி வாங்கவைக்கும். அப்புறம் மொட்டை மாடி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை காய்ந்த டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒரு மழைத் தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசுவாகப் பறக்கும். குப்புறக் கவிழ்க்காத பெயிண்ட் டப்பா ஒன்று போதும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதே, அந்த மழையில் சின்ன அறைச் சுவர் ஓதம் ஏறி, ஒரு தோல் மூட்டை முழுக்கப் பூஞ்சை பூத்தது. அந்த நாற்றம் போக இரண்டு மாதம். அவர் துண்டு துண்டாக வெயிலில் காயவைத்துத் திரும்பவும் கட்டி உள்ளே வைத்தார்.

இந்தக் கணக்கை எல்லாம் சொல்லியும் அவர் மனசு மாறவில்லை. கணக்கால் வந்த பிடிப்பு இல்லை, கணக்கால் போகவும் போகாது.

அவருக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்ததும் உண்டு. அவர் ஊருக்குப் போயிருந்த சமயம் ஒயர் மூட்டையைத் தெருமுனைக் கடையில் 180 ரூபாய்க்குப் போட்டேன். திரும்பி வந்தவர் மூன்றாம் நாள் கண்டுபிடித்தார், நேரே கடைக்குப் போனார், 300 ரூபாய் கொடுத்து மூட்டையை மீட்டுக்கொண்டு வந்தார். 120 ரூபாய் நஷ்டம் என்பது சின்ன விஷயம். அதற்கப்புறம் நான் குப்பைக் கூடையை எடுத்தாலே பின்னாலேயே வந்து பார்ப்பார், பைகளுக்கு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தார், அதுவரை வெளியே போய்க்கொண்டிருந்த பேப்பர்கூட நின்றுபோனது. வலுக்கட்டாயமாகச் சுத்தம் செய்த வீடுகள் மறுபடி அடைந்துபோகின்றன என்று இந்தக் கோளாறுக்குச் சிகிச்சை கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிக்கன வீட்டில் இது இரட்டிப்பாகக் கெடுக்கும், ஏனென்றால் போட்டதில் ஒன்று அடுத்த வாரமே தேவைப்பட்டு, காசு கொடுத்து வாங்க வேண்டிவரும், "பாத்தியா?" என்ற ஒரு வார்த்தையில் பத்து வருஷத்துக்கு நம் வாயை மூடிவிடுவார்கள்.

போகி அன்றைக்கு "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று வாட்ஸ்அப்பில் எல்லாரும் அனுப்புவார்கள். அது நன்னூலில் மொழியைப் பற்றிச் சொன்ன விதி, பழைய சொல் போய்ப் புதுச் சொல் வருவது தப்பில்லை என்பதுதான் சங்கதி, பாயைக் கொளுத்தச் சொல்லி எந்த இலக்கணமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் போகி நாள் சண்டை நாள். கொளுத்துவது என்பது அவர் பார்வையில் பாவம், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற அந்தப் புகையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதுதான் கடைசியில் எங்களுக்கு வழிவிட்டது. பொருள் கையை விட்டுப் போவதைவிட, வீணாகப் போவதுதான் அவருக்கு அதிகம் உறுத்துகிறது. குப்பைக்குப் போகாது என்று தெரிந்தால் முடிச்சு இளகுகிறது.

எங்கள் மாடிப் போர்ஷனை வீட்டுக்காரம்மா சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வைத்தியம் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் வங்காளத்தில் போர்டு இருப்பது வேலூர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. வந்ததும் பக்கெட், மக், குக்கர், பாய் எல்லாம் வாங்குவார்கள், போகும்போது ரயிலில் தூக்கிப்போக முடியாமல் விட்டுவிட்டுப் போவார்கள். விட்டுப்போனது எங்கே வரும்? எங்கள் சின்ன அறைக்கு. ஒரு காலத்தில் எங்களிடம் 14 பக்கெட் இருந்தது. ஒரு நாள் மாடிக்கு வந்த பெரியவர், மருமகள் ஆபரேஷனுக்காக வந்தவர், பக்கெட் எங்கே விலை குறைவாகக் கிடைக்கும் என்று இந்தியும் சைகையுமாகக் கேட்டார். இவர் உள்ளே போய் இரண்டு பக்கெட், மக், ஒரு குக்கர், முறம் எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு "காசு வேணாம், போறப்ப குடுங்க" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது ஒரு நோட்டே போட்டிருக்கிறார்: எந்தக் குடும்பத்திடம் என்ன இருக்கிறது, என்றைக்கு வந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறவர்களும் வந்து கேட்கிறார்கள். 14 பக்கெட்டில் வீட்டில் நிற்பது எந்த நேரத்திலும் மூன்று நான்குதான். அரசாங்க மிக்சி ஒன்றும், ஓடுகிற ஃபேன் ஒன்றும் அதே நோட்டில் ஏறிவிட்டன. அவர் எதையும் 'போடவில்லை'. அறையில் ஒரு சுவர் வெளியே தெரிகிறது.

எல்லாப் பொருளுக்கும் இப்படி மாடியில் ஆள் இருக்க மாட்டார்கள். நைந்த பருத்தித் துணியை மெக்கானிக் ஷெட்டில் வாங்கிக்கொள்வார்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பாத்திரக்கடையில் எடைக்கு எடை கழித்துக்கொண்டு புதுசு கொடுப்பார்கள், எவர்சில்வருக்கு மதிப்புக் குறைவு. அந்த 14 அங்குல டிவியைக் காயலாங்கடையில் போட்டால் செம்புக்காக உடைப்பார்கள், குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் அது நல்லதில்லை, மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுப்பதுதான் முறை. தரம் பிரித்தால் குப்பையும் காசு என்று ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டிய சீனிவாசன் வேலூர்க்காரர்தான், அதைச் சொன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பெருமிதம். ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "நல்ல விலை வரட்டும்" என்பதும் சேர்த்துவைப்பதற்கு ஒரு சாக்கு ஆகிவிடும். செம்பு ஏறும் என்று மோட்டார்களை அவர் ஆறு வருஷம் வைத்திருந்தார். அதனால் விலையைப் பற்றிப் பேசுவதை விட்டு தேதியைப் பேச ஆரம்பித்தேன், ஆடி முடிவதற்குள் விற்கிற விலைக்கு விற்பது என்று. இரண்டு மோட்டார் போனது.

சின்னப் பொருளுக்கு எனக்கு உதவியது பிரியாணி டப்பாதான். ஆம்பூர்ப் பிரியாணி பார்சல் வந்த டப்பாக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கொட்டி எண்ணச் சொன்னேன், போடச் சொல்லவில்லை, எண்ணத்தான் சொன்னேன். டப்பா 43, மூடி 19. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், வட்டம், நீள்வட்டம், ஓரம் வளைந்தது, சூட்டில் உருகிக் கோணியது, கடைசியில் டப்பாவும் மூடியும் பொருந்தியது 11. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். "மூடி எங்கயாவது இருக்கும்" என்றார். "இருந்தா வரட்டும், ஒரு மாசம் பாப்போம்" என்றேன். முடிவை அவர் கையில் விட்டதால் ஒரு மாதம் கழித்து அவரே 20 டப்பாவைக் கட்டிக் கொடுத்தார். மீதி 12 இருக்கிறது, மூடி இல்லாமல்.

இதெல்லாம் எங்கள் வீடு மாதிரி நடுத்தர அடசலுக்கு. அடுப்புப் பக்கம் போக முடியவில்லை, படுக்கையில் படுக்க இடமில்லை, எலி வந்துவிட்டது, தொட்டாலே ஆள் துடிக்கிறார் என்றால் பக்கெட் நோட்டு உதவாது. வயதான பிறகு திடீரென்று குப்பை பொறுக்க ஆரம்பித்தால் அது மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். சேர்த்துவைக்கும் கோளாறுக்கு மாத்திரையைவிட, பொருளைக் கையில் எடுத்து முடிவெடுக்கப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சைதான் முதன்மை. மெதுவாகத்தான் பலன் தெரியும். வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிற வழக்கம். இந்த விஷயத்தில் கணவனோ மனைவியோ கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நோயாளி கற்றுக்கொள்வதற்குக் குறைவில்லை. பாகாயம் என்றாலே முகம் சுளிக்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்காக வீட்டிலிருந்தே 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம், காசு இல்லை.

நாங்கள் இன்னும் போகவில்லை. போகிற அளவுக்கு இல்லை என்று நான் நினைக்கிறேன், எந்த அளவுக்கும் இல்லை என்று அவர் நினைக்கிறார். பூஞ்சை பிடித்த தோல் மூட்டை போன தீபாவளிக்கு முன்னால் போய்விட்டது, இன்னொன்று இருக்கிறது. தை பிறப்பதற்குள் ஒரு பர்ஸாவது தைக்காவிட்டால் அதுவும் போகலாம் என்று அவரே சொன்னார். மார்கழிக் கடைசியில் ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒன்றைத் தைத்து முடித்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, சில்லறை போட்டு நான்தான் வைத்திருக்கிறேன். மூட்டையில் ஒரு பிடி குறைந்திருக்கிறது.